கண்ணாடி காட்டாதது

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. முகத்தின் அழகையே கத்தியால் திருத்திக்கொள்ளலாம் என்பது இக்காலத்து மொழி. மூக்கை ஒடுக்கலாம், தாடையைப் பின்னுக்குத் தள்ளலாம், தொங்கும் கன்னத்தை இழுத்துத் தைக்கலாம். இவற்றைப் பழிப்பதற்காக நான் எழுதவில்லை. தன் முகம் தனக்குப் பிடித்தவாறு இருக்கவேண்டும் என்று விரும்புவது குற்றமன்று. ஆனால், அறுவைக்குப் பின் முகத்தின் ஒரு பகுதி மரத்துப்போகக்கூடும். அது மீள மாதங்கள் ஆகலாம். சிலருக்கு முழுவதும் மீளாமலே போகலாம். கத்தியை எடுக்குமுன் இச்செய்தியை, நோயாளிக்கு விளங்கும் மொழியில், சொல்லியாக வேண்டும். இதுவே என் வழக்கு.

நாம் படிக்க வந்திருக்கும் இந்தப் புனே நகருக்கும் முக அறுவைக்கும் பழந்தொடர்பு உண்டு. 1794 அக்டோபரில், இலண்டனில் வெளிவந்த ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ என்னும் ஏடு ஒரு கடிதத்தைப் படத்துடன் வெளியிட்டது. ஆங்கிலப் படையில் மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்னும் மராட்டியர், 1792ஆம் ஆண்டுப் போரில் திப்புவிடம் சிறைப்பட்டு மூக்கை இழந்தார். ஓராண்டுக்கு மேல் மூக்கின்றி வாழ்ந்தார். பின்னர்ப் புனேக்கு அருகில் செங்கல் செய்யும் குலத்தவர் ஒருவர் அவருக்குப் புதுமூக்கு அமைத்தார் என்று அக்கடிதம் கூறிற்று. மெழுகால் மூக்கின் அளவெடுத்து, அதனை நெற்றியில் பரப்பிக் கோடிட்டு, புருவங்களுக்கு இடையே ஒரு சிறு பட்டை மட்டும் அறாதபடி தோலை உரித்து, கீழே திருப்பி அமைத்தார்கள். ஏறத்தாழ 25ஆம் நாள் அப்பட்டையை அறுத்தார்கள். இம்முறையையே 1814இல் ஜோசப் கார்ப்யூ என்னும் மருத்துவர் இலண்டனில் செய்து காட்டினார். செங்கல் அறுத்த கை மேலைநாட்டு மருத்துவத்திற்கு ஆசானாயிற்று!

அக்கடிதம் புதுமூக்கின் உறுதியைப் பேசிற்று, தோற்றத்தைப் பேசிற்று. அம்மூக்கின்மீது ஓர் ஈ அமர்ந்தால் கவாஸ்ஜிக்குத் தெரிந்ததா என்பதைப் பேசவில்லை. நெற்றித் தோல் மூக்காக மாறிய பின்னும், இடையிலுள்ள பட்டை அறுபடும்வரை, மூக்கைத் தொட்டால் நெற்றியைத் தொட்டதுபோலவே தோன்றும். பட்டை அறுந்தால் அப்பழைய வழியும் அறும். அக்கம்பக்கத்திலிருந்து நரம்பிழைகள் புதிதாகப் புகுந்து வளர்ந்தால்தான் அவ்விடத்தில் உணர்வு பிறக்கும். அன்று வெளியிட்டது ஒரு படம். இன்று விளம்பரத்தில் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படங்கள். இவற்றுள் எந்தப் படம் உணர்வைக் காட்டும்? கண்ணாடிதான் காட்டுமா?

அறிவியல் கூறுவதைச் சிறிது பார்ப்போம். முகத்தில் உணர்வைச் சுமப்பது பெரும்பாலும் ஐந்தாம் மூளை நரம்பு; தசையை அசைப்பது ஏழாம் மூளை நரம்பு. ஆகவே உதடு மரத்தவர் சிரிக்கமாட்டார், பேசமாட்டார் என்று எண்ணுவது தவறு. கீழ்த்தாடையைத் திருத்தும்போது, எலும்பினுள் ஓடிக் கீழுதட்டுக்கு வரும் நரம்பு இழுபடலாம், நசுங்கலாம். மூக்கைத் திருத்தினால் நுனி மரக்கலாம். முகத்தோலை இழுத்துத் தைக்கும்போது கழுத்திலிருந்து காதுக்கு ஏறும் நரம்பு ஊறுபட்டால், தோடு கழன்று விழுந்தாலும் காதுக்குத் தெரியாது.

ஊறு எல்லாம் ஒரு தன்மையன அல்ல. 1943இல் செடன் என்னும் ஆங்கில மருத்துவர் அவற்றை மூன்றாக வகுத்தார். நரம்பு அறாமல் செய்தி மட்டும் தடைப்படுவது முதல் வகை. அது கிழமைகளிலோ சில மாதங்களிலோ மீளும். உள்ளிழை அறுந்து உறை நிலைப்பது இரண்டாம் வகை. உறையின் வழியே இழை மீண்டும் வளரும். நரம்பே முற்றும் துணிபடுவது மூன்றாம் வகை. அதைத் தைத்து இணைக்காவிடில் மீட்சி அரிது. வளரும் இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் செல்லும். ஊறுபட்ட இடத்திற்கும் உதட்டிற்கும் 8 சென்டிமீட்டர் தொலைவு என்று கொண்டால், வழிப்பயணத்திற்கே 80 நாட்கள் வேண்டும். பொறுமையின் தேவையை இந்த எளிய கணக்கே உணர்த்துகிறதன்றோ?

கணக்கு எளிது, அதனை அறியாதவர் படும் துன்பம் எளிதன்று. நம் தமிழ் நண்பர் ஒருவர், முன்தள்ளிய கீழ்த்தாடையை மருத்துவமனை ஒன்றில் திருத்திக்கொண்டார். அவர் பெயரும் அந்த இடத்தின் பெயரும் இங்கே வேண்டா. அவர் இசைவோடுதான் எழுதுகிறேன். முகம் நன்றாகவே அமைந்தது. ஆனால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போயின. சாப்பிடும்போது சாம்பார் மோவாயில் வழிவது அவருக்குத் தெரியாது; எதிரே இருப்பவர் சிரித்த பிறகே தெரியும். உதடு கோணிவிட்டதோ என்று நாளும் பத்து முறை கண்ணாடி பார்ப்பார். கண்ணாடியில் கோணல் இராது. மருத்துவர் முன்பே மராத்தியில் ‘பதீர்’ என்று சொல்லியிருந்தார். அது மரத்துப்போதலைக் குறிக்கும் என்பது நண்பருக்கு விளங்கவில்லை. கையெழுத்திட்ட தாளோ ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். மூன்றாம் மாதம் உதட்டில் எறும்பு ஊர்வதுபோல் தோன்றிற்று. நோய் முற்றிவிட்டது என்று அஞ்சி, இரண்டு நாள் உண்ணாமல் கிடந்தார். அவ்வூறல் பெரும்பாலும் நரம்பு திரும்பி வருவதன் குறி என்று ஒருவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாள் துயரம் ஏன்? ஓராண்டு கழிந்த இன்று, காசளவு இடம் தவிர மற்றவை மீண்டுவிட்டன.

“உயிருக்கா ஆபத்து? மரத்தால் மரத்துப் போகட்டும்” என்பாரும் உண்டு. அவர்கள் வேலூரை நினைக்கவேண்டும். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை, வலி தெரியாமையால் சூடும் காயமும் பட்டுப்பட்டே அவை அழிகின்றன என்பதை எடுத்துக் காட்டினார். அறுவையால் உதடு மரத்தவரின் நிலை அத்துணைக் கொடியதன்று. எனினும் பாடம் ஒன்றே. சூடான காப்பி உதட்டைச் சுட்டாலும் தெரியாது. சவரக் கத்தி கீறினாலும் தெரியாது. உணர்வு நம்மைக் காக்கும் காவலன். காவலன் இல்லாத நாளில் கண்ணும் கையும் காவல் புரியவேண்டும்.

“எல்லாவற்றையும் சொன்னால் நோயாளி அஞ்சி ஓடிவிடுவார்” என்பது மற்றொரு வாதம். உயிர் காக்கும் அவசர அறுவை அன்று இது. ஓடுவதற்கும், எண்ணிப் பார்ப்பதற்கும், திரும்பி வருவதற்கும் காலம் உண்டு. முன்னரே அறிந்தவர் மூன்றாம் மாதத்தில் மனம் உடையமாட்டார். மேலும், 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, மருத்துவ முறையின் தன்மை, மாற்று வழிகள், பெருமளவான இடர்கள் ஆகியவற்றைப் போதிய அளவு அறிந்து அளிக்கும் இசைவே இசைவு என்று தெளிவாக்கியுள்ளது. விளங்காத மொழியில் கேட்டதை அறிந்தது என்று எப்படிச் சொல்வது?

நண்பர்களே! மருத்துவரை மட்டும் நோக்கி விரல் நீட்டுவது போதாது. நம் மன்றத்திற்கும் இதில் வேலை உண்டு. அறுவைக்குமுன் கேட்கவேண்டிய கேள்விகளை ஒரு தாளில் தமிழில் அச்சிடுவோம். எந்த நரம்பு அருகில் உள்ளது? எவ்வளவு காலம் மரத்திருக்கும்? மீளாமற் போவது உமது அனுபவத்தில் எத்தனை பேருக்கு? எப்போது திரும்ப வந்து காட்டவேண்டும்? இந்நான்கும் போதும். மராத்தி நன்கறிந்த மாணவர் ஒருவர், அத்தாளோடு நோயாளியுடன் செல்லட்டும். அறுவைக்குப் பின், மருத்துவர் சொல்லும் பயிற்சிகளை, கண்ணாடி முன் நின்று மென்தூரிகையால் உதட்டை வருடிப் பழகுவது போன்றவற்றை, செய்ய ஊக்குவோம். சாம்பார் வழிந்தால் சிரிக்காமல் கைக்குட்டையை நீட்டுவோம்.

மரத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் மரம் நினைவுக்கு வருகிறது. மரமும் துளிர்க்கும், ஆனால் அதற்குப் பருவம் வேண்டும். அந்தப் பருவத்தைக் கத்தி எடுப்பவர் முன்னரே சொல்லட்டும். காத்திருப்பவருக்கு நாம் துணை நிற்போம்.