தீச்சுவருக்கு அந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்க வீட்டு பேஸ்மென்ட்டில் நாலு பிள்ளைகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுறாங்கன்னு முன்னாடியே எழுதியிருக்கேன். நான்தான் டிஎம். கதையை நடத்துறவன், அரக்கர்களுக்காகப் பகடை உருட்டுறவன். என் மகளுக்கு 12 வயசு, அவள் விசார்ட். அவளோட நெருங்கிய தோழி ஃபைட்டர். என் அக்கா பையன் கிளெரிக், காயத்தை ஆத்துறவன். தோழியோட தம்பி ரோக். பாதி நேரம் அவன் கவனம் சிப்ஸ் பாக்கெட்டில்தான்.

இந்த மாசம் சுவர் மந்திரங்கள் பத்தி எழுதுறேன். காரணம் இருக்கு. இந்த மேசையில் ஒரு பிள்ளை அழுதது ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு சுவரால்.

அப்போ எல்லாரும் 7ஆம் லெவல். ஒரு குகை, 60 அடி அகலம். எதிரில் ஆறு ஓகர். ஒவ்வொண்ணும் தென்னை மட்டை மாதிரி ஒரு தடியை வச்சிருக்கு. வழக்கம்போல ஃபைட்டர் முதல் ஆளா 30 அடி முன்னாடி ஓடிட்டா. அடுத்து என் மகளோட முறை. ஆறு ஓகரையும் பார்த்து பயந்துட்டா. அந்த வாரம்தான் கத்துக்கிட்ட வால் ஆஃப் ஃபயர் மந்திரத்தை எடுத்து, நமக்கும் அவங்களுக்கும் நடுவில்னு சொல்லி, குகையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் 60 அடி நீளத்துக்குத் தீயை எழுப்பினா. 20 அடி உயரம். பார்க்க நல்லாத்தான் இருந்தது. பசங்க கைதட்டினாங்க.

ஃபைட்டர் மட்டும் கைதட்டல. அவ தீக்கு அந்தப் பக்கம் இருந்தா.

தீச்சுவர் வழியா எதுவும் தெரியாது. கிளெரிக்கிட்ட ஹீலிங் வேர்ட் இருந்தது, 60 அடி தூரம் எட்டும். ஆனா அதுக்குக் காயம்பட்டவங்க கண்ணுக்குத் தெரியணும். அக்கா பையன் ரெண்டு சுற்று சும்மா நின்னான். திரும்பி ஓடி வரலாம்னா தீயைத் தாண்டணும், அதுக்கே எட்டு முகப் பகடை அஞ்சு உருட்டி அவ்வளவும் காயம். ஓகர்களுக்கோ கை எட்டுற தூரத்தில் ஒரு ஆள் தனியா நிக்கும்போது தீக்குள்ள வர என்ன அவசியம்?

இங்கே ஒரு விதியைச் சொல்லணும். இந்தப் பெரிய சுவர் மந்திரங்கள் எல்லாமே போட்டவங்களோட கவனத்தில் நிக்குறவை. விதிப்புத்தகம் இதை கான்சன்ட்ரேஷன்னு சொல்லுது. வேண்டாம்னா அந்த நொடியே விட்டுடலாம், யாரோட முறையா இருந்தாலும் சரி. செலவே கிடையாது. நான் ரெண்டு தடவை கேட்டேன், "சுவரை வச்சுக்கிறியாம்மா?"

"இருக்கட்டும்ப்பா. இன்னிக்கு இது ஒண்ணுதான் இருக்கு, வேஸ்ட் ஆயிடும்."

அவ சொன்னதும் நிஜம். 7ஆம் லெவல் விசார்டுக்கு ஒரு நாளைக்கு 4ஆம் நிலை மந்திரம் ஒண்ணுதான். ஆபீஸில் ஆறு மாசம் எழுதின ப்ரோக்ராம் தப்புன்னு தெரிஞ்ச பிறகும் அழிக்க மனசு வராம நானே கட்டிக்கிட்டு அழுதிருக்கேன். அவளை என்ன சொல்ல?

ஃபைட்டர் விழுந்தா. விழுந்தவளை ஒரு ஓகர் திரும்பவும் அடிச்சது. அந்தப் பகடையை உருட்டினது நான். உருட்டாம விட்டிருக்கலாம்னு இன்னிக்கும் தோணுது. செத்தவங்களை ஒரு நிமிஷத்துக்குள்ள எழுப்ப ரிவிவிஃபை இருக்கேன்னு விவரம் தெரிஞ்சவங்க கேப்பீங்க. அதுக்கு 300 பொற்காசு பெறுமான வைரம் வேணும். முந்தின வாரம்தான் இருந்த வைரத்தை வித்துக் குதிரை வாங்கியிருந்தாங்க.

தோழி "இட்ஸ் ஓகே"ன்னு சொல்லிட்டு பாத்ரூம் போனா. வரும்போது கண் சிவந்திருந்தது. ஒரு வருஷமா வளர்த்த பாத்திரம். அடுத்த ரெண்டு ஞாயிறு அவளும் வரல, தம்பியும் வரல. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு வேற மேசையில் உட்கார்ந்தாளாம்.

அம்மா அப்போ ஊரிலிருந்து வந்திருந்தாங்க. துணி மடிச்சுக்கிட்டே முழுச் சண்டையையும் பார்த்தவங்க, அன்னிக்கு ராத்திரி பேத்திகிட்ட சொன்னாங்க: "அபிமன்யு கதை தெரியுமில்ல? அவன் வியூகத்துக்குள்ள போனதும் ஜயத்ரதன் வாசலை அடைச்சு நாலு பேரையும் வெளியில நிறுத்தினான். அவன் எதிரி, அடைச்சான். நீ உன் ஆளையே அடைச்சிட்டியேடி கண்ணு."

எனக்குக் கொஞ்சம் கோபம்தான், பிள்ளை ஏற்கனவே நொந்துபோயிருக்காளேன்னு. ஆனா மகள் அழல. எழுந்துபோய் கட்டம் போட்ட தாளை எடுத்துட்டு வந்தா. ஒரு கட்டம் அஞ்சு அடி. கொண்டைக்கடலை ஆறு ஓகர், பொட்டுக்கடலை நாலு பேர். பழைய சண்டையைத் திரும்ப வச்சோம்.

சுவர்னாலே நமக்கும் எதிரிக்கும் நடுவில்னு எல்லாருக்கும் தோணும். அங்கே போட்டா சண்டை தள்ளிப்போகும், அவ்வளவுதான். எதிரிங்க அந்தப் பக்கம் முழுசா, சேர்ந்தே நிப்பாங்க. அதே தீயை ஓகர்களுக்கு நடுவில் இழுத்திருந்தா? ரெண்டு இந்தப் பக்கம், நாலு அந்தப் பக்கம். நாலு பேர் சேர்ந்து ரெண்டை முடிக்கலாம். மிச்ச நாலும் வரணும்னா தீயைக் குடிச்சுட்டு வரணும். சுடுற பக்கம் எதுன்னு நாமதான் சொல்றோம், அந்தப் பக்கம் பத்தடிக்குள்ள தன் முறையை முடிக்கிறவங்களுக்கெல்லாம் காயம். கொண்டைக்கடலைக்கு நடுவில் ஒரு பென்சிலை வச்சுப் பார்த்தா. "இவ்வளவுதானா?"ன்னு கேட்டா. கேட்ட குரல் நல்லா இல்ல.

மத்த சுவர்களையும் பார்த்தோம். வில்லாளிங்க நிறைய இருந்தா விண்ட் வால், சாதாரண அம்புகளைத் திருப்பிவிடும். வால் ஆஃப் ஸ்டோனைப் பத்து நிமிஷம் விடாம பிடிச்சா அது நிரந்தரமான கல்லாவே நின்னுடும். வால் ஆஃப் ஃபோர்ஸ் 5ஆம் நிலை. கண்ணுக்குத் தெரியாது, எந்த அடியும் ஏறாது, டிஸ்பெல் மேஜிக் பலிக்காது. டிஸின்டிகிரேட் மட்டும் உடைக்கும். ஆனா கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரியுறதால, மிஸ்டி ஸ்டெப் தெரிஞ்சவன் பார்த்த இடத்துக்குத் தாவிடுவான். (நாங்க ஆடுறது 2014 புத்தகத்தை வச்சு. 2024ல் புதுசு வந்தாச்சு, இன்னும் மாறல.)

தோழிக்கு மகள் என்ன எழுதி அனுப்பினான்னு எனக்குத் தெரியாது. மூணாவது ஞாயிறு அக்காவும் தம்பியும் வந்தாங்க. அக்கா கையில் புதுப் பாத்திரம், பாலடின். பழைய ஃபைட்டரோட தாளை என்கிட்ட கொடுத்து, "தூக்கிப் போட்டுடாதீங்க அங்கிள்"ன்னு சொன்னா.

அம்மா ஊருக்குக் கிளம்ப ரெண்டு வாரம் இருக்கும்போது எல்லாரும் 9ஆம் லெவல். ஒரு கோட்டை மண்டபம், 40 அடி அகலம், 20 அடி உயரம். நாலு டிரோல், பின்னால ஒரு மந்திரவாதி. மகளோட முறை வந்தது. உடனே மந்திரம் சொல்லல. "யாரெல்லாம் எங்க நிக்கிறீங்க? யாராவது முன்னாடி போகப்போறீங்களா?"ன்னு ஒவ்வொருத்தரையும் கேட்டா. நேரமாகுதுன்னு ரோக் முனகினான். அவ காதில் வாங்கல. அப்புறம் வால் ஆஃப் ஃபோர்ஸை டிரோல்களுக்கு நடுவில் இழுத்தா. பத்துக்குப் பத்து அடிப் பலகை பத்து கிடைக்கும், எட்டே போதுமா இருந்தது. ரெண்டு டிரோல் இங்கே, ரெண்டு டிரோலும் மந்திரவாதியும் அங்கே.

"இந்தத் தடவை ஜயத்ரதன் நான்தான் பாட்டி!"

நான் சும்மா இருப்பேனா? மந்திரவாதி மிஸ்டி ஸ்டெப்பில் இந்தப் பக்கம் வந்து, அடுத்த சுற்றில் அவ மேல ஃபயர்பால் போட்டான். 27 காயம். அடிபட்டா கவனம் நிக்குதான்னு பகடை போடணும். இலக்கு 10 அல்லது காயத்தில் பாதி, எது பெருசோ அது. இங்கே 13. மகளுக்கு 9 விழுந்தது. அவ உடல்வலுவுக்கு 2 கூட்டினா 11. போச்சு. பென்சிலைக் கீழே வச்சுட்டா.

"இரு, இரு. நான் உன் பக்கத்துல நிக்கிறேன்ல?" தோழி கட்டத்தை எண்ணிக் காட்டினா. பாலடினுக்குப் பத்தடிக்குள்ள நிக்கிற கூட்டாளிகளோட இந்த மாதிரிப் பகடைக்கெல்லாம் கூடுதல் எண் உண்டு. இவளுக்கு 3. மொத்தம் 14.

முன் வரிசையில் போய் அடிக்க வேண்டிய பாலடின் ரெண்டு சுற்றா ஏன் அங்கேயே நிக்கிறான்னு நான் அதுவரைக்கும் யோசிச்சிட்டே இருந்தேன்.

துணையில்லாம இந்தப் பக்கம் வந்த மந்திரவாதியை ரோக் முடிச்சான். அவனுக்கு அன்னிக்கு அதுதான் பெருமை. முதல் ரெண்டு டிரோலையும் விழவச்சு, திரும்ப முளைக்காம நெருப்பு வச்சாங்க. ஆறு நொடி ஒரு சுற்றுன்னு கணக்குப் பார்த்தா சுவருக்கு இன்னும் ஒன்பது நிமிஷத்துக்கு மேல ஆயுள் பாக்கி. மகள் தோழியைப் பார்த்தா. "ரெடியா?" தோழி தலையாட்டினா.

"சுவரை விட்டுட்டேன்ப்பா."

மடிச்ச துணியை ஓரமா வச்சுட்டு அம்மா நாற்காலியை மேசைக்கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டாங்க.