முதிய நாய்க்கு நாம் பட்ட கடன்

வீட்டு நாய்க்குப் பத்து வயது ஆகிவிட்டால் பெரியவர்கள் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். "இன்னும் எத்தனை நாள் இருக்கப் போகிறது? ஆசைப்பட்டதைத் தின்றுவிட்டுப் போகட்டும்" என்கிறார்கள். ஆட்டுக் கொழுப்பு, கோழித் தோல், எண்ணெயில் பொரித்த பண்டங்கள் எல்லாம் அதன் தட்டுக்குப் போகின்றன. அன்பினால்தான் போகின்றன, ஐயமில்லை. ஆனால், அறிவின் துணையில்லாத இந்த அன்பு நாய்க்குத் தீங்கே செய்கிறது என்பது என் கருத்து.

காரணம், கணையம். இரைப்பைக்கும் சிறுகுடலின் தொடக்கத்துக்கும் அருகே கிடக்கும் இவ்வுறுப்புக்கு இரண்டு வேலைகள் உண்டு. இன்சுலினை இரத்தத்தில் சேர்ப்பது ஒன்று. உணவைச் செரிக்கும் நொதிகளைக் குடலுக்கு அனுப்புவது மற்றொன்று. இறைச்சியையே கரைத்துவிடும் நொதிகள் கணையத்தை ஏன் கரைப்பதில்லை? கணையம் அவற்றைச் செயலற்ற வடிவில்தான் உண்டாக்குகிறது. குடலை அடைந்த பிறகே அவை செயல்படத் தொடங்குகின்றன. இந்த ஏற்பாடு குலைந்து, கணையத்துக்குள்ளேயே அவை செயல்படத் தொடங்கினால் என்ன ஆகும்? கணையம் தன்னைத்தானே செரித்துக்கொள்ளும். வீக்கமும் கடும் வலியும் உண்டாகும். இதுவே கணைய அழற்சி.

நடுவயதைக் கடந்த நாய்களுக்கு இந்நோய் அதிகம் வருகிறது. பல சமயங்களில் காரணம் தெரிவதில்லை. ஆயினும் உடல் பருமனும், வழக்கமில்லாத கொழுப்பு உணவும் இதற்கு வழி வகுக்கக்கூடும் என்பதைக் கால்நடை மருத்துவர்கள் அறிவார்கள்.

நாய் திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும், உணவை மறுக்கும், சோர்ந்து படுக்கும். சில நாய்கள் முன்கால்களைத் தரையில் நீட்டி, பின்பகுதியை உயர்த்தி நிற்கும். அது விளையாட்டன்று, வயிற்று வலியாக இருக்கலாம். "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடுவது பெரும் தவறு. முதுமை ஒரு நோயன்று. உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வீட்டிலுள்ள வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மனிதர் விழுங்கும் ஐபுபுரோஃபென் நாய்க்கு நஞ்சாகும்.

கணையத்துக்கு ஓய்வு தேவை என்று முன்பெல்லாம் நாயைப் பல நாள் பட்டினி போடுவார்கள். இன்று அக்கருத்து மாறிவிட்டது. நரம்பு வழியே திரவம் ஏற்றி, வலியையும் வாந்தியையும் அடக்கிய பின், கொழுப்புக் குறைந்த உணவை விரைவிலேயே கொடுக்கத் தொடங்குகிறார்கள். வீடு திரும்பிய பிறகுதான் நம் பொறுப்பு தொடங்குகிறது. மருத்துவர் சொல்லும் உணவைச் சிறு சிறு பங்குகளாகப் பல வேளை கொடுக்க வேண்டும். தோல் நீக்கி வேகவைத்த கோழியும் குழைந்த சோறும் சில நாளுக்கு உதவும். எடையையும், தின்ற அளவையும், வாந்தியையும் ஒரு நோட்டில் குறித்து வருவது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலுள்ள அனைவரும் ஒரே விதியைக் கடைப்பிடிக்க வேண்டும். நால்வர் காக்கும் பத்தியத்தை ஐந்தாமவர் இரக்கப்பட்டுப் போடும் ஒரு கொழுப்புத் துண்டு கெடுத்துவிடலாம்.

"ஒரு நாய்க்கு இவ்வளவு பாடா?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு வரலாறு விடை சொல்லும். 1889இல் ஸ்டிராஸ்பர்க் நகரில் மெரிங், மின்கோவ்ஸ்கி என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அதற்கு நீரிழிவு நோய் வந்தது. நீரிழிவுக்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு வெளிப்பட்டது. 1921இல் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை, கணையம் நீக்கப்பட்ட வேறு நாய்களுக்குச் செலுத்தி ஆராய்ந்தனர். 1922 ஜனவரியில், இவ்வாராய்ச்சியின் பயனாக, 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டது. அன்று தொடங்கி எத்தனையோ உயிர்கள் பிழைத்துள்ளன. அந்த நாய்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

கணையத்தைப் பற்றி நமக்குக் கற்றுக்கொடுத்த உயிரினம், கணைய வலியால் துடிக்கும்போது, அந்த அறிவை அதற்குப் பயன்படுத்த மறுப்பது நியாயமா? மாணவர்களே, பாடநூலில் செரிமானத்தைப் படித்தவர்கள் நீங்கள். விருந்து முடிந்த இரவில் மிச்சக் கொழுப்பு நாயின் தட்டுக்குப் போகும்போது, வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்களும் நீங்களே. ஏன் என்று வீட்டார் கேட்டால், கணையத்தின் கதையைச் சொல்லுங்கள்.