"போர்டு போச்சு தம்பி!"



மூன்று வருஷம் லேபில் நாம் என்ன செய்கிறோம்? சர்க்யூட் படத்தைப் பார்த்துப் பார்த்து வயரைச் சொருகுகிறோம். ரீடிங் வருகிறது. வராவிட்டால் பக்கத்து டேபிள் ரீடிங் நமக்கும் வந்துவிடுகிறது! ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து, வைவாவில் நாலு கேள்வி, அவ்வளவுதான். ஆனால் நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் நல்லா ஓடுகிற மெஷினை யாரும் நம் கையில் கொடுக்கப் போவதில்லை. ஓடாததைத்தான் கொடுப்பார்கள். ஓடாததை ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கும் வேலைக்கு எங்கள் லேபில் தனியாக ஒரு மார்க்கும் கிடையாது. என் சண்டையே இதுதான்.

இந்த வருஷம் கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறேன். என் விடுதி நண்பன் ஒருவன் லீவு நாளெல்லாம் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிச் சேர்த்த காசில், பழைய ஐ-3 பிராசஸர், பழைய போர்டு, கேபினெட் எல்லாம் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் கட்டினான். பிராசஸர் மேலிருந்த ஃபேன் இரைச்சல் போட்டது. வேறொரு பழைய ஃபேன் கிடைத்தது. அதன் பிளக்கில் மூன்று ஓட்டை; போர்டில் நான்கு முனை. பொருந்தாது என்று முடிவுகட்டி, இரண்டு ஃபேன் வயரையும் வெட்டி, கலருக்குக் கலர் முறுக்கி டேப் சுற்றிவிட்டான்.

கம்ப்யூட்டர் ஆன் ஆனது. ஆனால் திரையில் "சி.பி.யூ. ஃபேன் எரர், எஃப்1 அமுக்கவும்" என்றது. அமுக்கினால் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் மாடு மாதிரி மந்தமாகி, பொட்டென்று அணைந்தது. கடைக்குத் தூக்கிப் போனான். அங்கிருந்தவர் முதல் நாள் செட்டப்புக்குள் போய் அந்த எச்சரிக்கையையே "இக்னோர்" செய்துவிட்டார். மெசேஜ் போச்சு, வியாதி போகவில்லை. இரண்டாம் தடவை போனபோது தீர்ப்பு வந்தது: "போர்டு போச்சு தம்பி! மாத்திடலாம். 6,500 ஆகும்." கடைசி செமஸ்டர் புராஜெக்ட் முழுக்க அந்த மெஷினில்தான். பையன் முகத்தில் ஈயாடவில்லை.

கடைக்காரரைத் திருடன் என்று நான் சொல்ல வரவில்லை. பொருளை மாற்றினால் அவருக்குக் காசு. அரை மணி நேரம் உட்கார்ந்து அளந்து பார்த்தால் யார் காசு கொடுக்கிறார்கள்? ஆனால் நாம் கடைக்காரர் இல்லையே. நாம் அளக்கப் படிக்கிறவர்கள்.

நாங்கள் இரண்டு பேர் அவன் வீட்டில் போய் உட்கார்ந்தோம். முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை. கடிகாரத்தை எடுத்தோம். காலையில் போட்டால் 22 நிமிஷம் ஓடியது. அணைந்த உடனே மறுபடி போட்டால் 3 நிமிஷம். அரை மணி ஆறவிட்டுப் போட்டால் 18 நிமிஷம். இந்த மூன்று எண்ணே பாதி கதையைச் சொல்லிவிட்டது. சூடுதான் விஷயம்.

எதன் சூடு? எஸ்.எம்.பி.எஸ். சூடானாலும் அணையும், பிராசஸர் சூடானாலும் அணையும். எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திறக்கவே வேண்டாம். உள்ளே நம் 230 வோல்ட் ஏ.சி., டி.சி. ஆகி 325 வோல்ட் பக்கம் கண்டென்சரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். வெளியே தொங்குகிற உபரி பிளக்கிலேயே அளக்கலாம். மஞ்சளில் 12, சிவப்பில் 5, கறுப்பு கிரவுண்டு. ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். அதாவது 12 என்றால் 11.4 முதல் 12.6 வரை. எங்கள் மீட்டரில் மெஷின் அணைகிற நொடி வரை 12.1 அசையவில்லை. ஆக, எஸ்.எம்.பி.எஸ். மேல் சந்தேகம் குறைந்தது.

அடுத்து செட்டப்பில் ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். டிகிரி மெல்ல ஏறி 90ஐத் தாண்டியது. ஃபேன் வேகம்: 0. பக்கத் தகட்டைக் கழற்றினால், ஃபேன் சிவனே என்று நிற்கிறது! கேபினெட்டின் பின்பக்க ஃபேன் போட்ட சத்தத்தில் இது சுற்றவில்லை என்பது யார் காதிலும் விழவில்லை.

பிறகு டேப்பைப் பிரித்தோம். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். பொதுவாக மூன்று வயர் ஃபேனில் கறுப்பு கிரவுண்டு, சிவப்பு 12 வோல்ட், மஞ்சள் வேகத்தைச் சொல்லும் பல்ஸ். நான்கு வயர் ஃபேனில் கறுப்பு கிரவுண்டு, மஞ்சள் 12 வோல்ட், பச்சை பல்ஸ், நீலம் வேகக் கட்டுப்பாடு. எஸ்.எம்.பி.எஸ்ஸிலோ சிவப்பு என்றால் 5 வோல்ட். அதே மஞ்சள், ஒரு இடத்தில் சப்ளை, இன்னொரு இடத்தில் பல்ஸ்! இவன் மஞ்சளை மஞ்சளோடு கட்டி, மிஞ்சிய சிவப்பைப் பச்சையோடு கட்டிவிட்டான். ஃபேனின் பல்ஸ் வயரில் 12 வோல்ட் ஏறியது. மோட்டாருக்குப் போக வேண்டிய சிவப்பு, போர்டில் பல்ஸ் எண்ணுகிற முனைக்குப் போனது. ஃபேனைச் சுற்றவைக்கும் கரண்ட் அந்த முனையில் ஏது?

வேடிக்கை என்னவென்றால் வெட்டியிருக்கவே வேண்டாம். நான்கு முனையில் முதல் மூன்றும் பழைய வரிசைதான். மூன்று ஓட்டை பிளக் அப்படியே உட்காரும். நான்காவது முனை சும்மா நிற்கும். ஃபேன் முழு வேகத்தில் ஓடும். கலரை நம்பினவனைக் கலர் கைவிட்டது. முனை எண்ணை நம்பியிருந்தால் காப்பாற்றியிருக்கும்.

அந்த ஃபேனைத் தனியாக 12 வோல்ட்டில் போட்டுப் பார்த்தோம். சுற்றியது. ஆனால் பல்ஸ் வயர் பேசவில்லை. நல்ல ஃபேன் ஒரு சுற்றுக்கு இரண்டு பல்ஸ் தரும். நிமிஷத்துக்கு 2,400 சுற்று என்றால் நொடிக்கு 80. இதில் ஒன்றுமில்லை. ஒரு புதிய நான்கு முனை ஃபேன் 350 ரூபாய். மாட்டி, "இக்னோர்" ஆன எச்சரிக்கையை மறுபடி உயிர்ப்பித்தோம். அதே போர்டு, அதே பிராசஸர், இன்றைக்கும் ஓடுகிறது.

பிராசஸர் பிழைத்ததற்கு நாங்கள் காரணமில்லை. சூடு ஏறினால் தானே வேகத்தைக் குறைத்து, மீறினால் அணைந்துகொள்ளும் ஏற்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது. 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் தளத்தார் ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸர்களின் மேலிருந்து ஹீட்சிங்க்கைக் கழற்றிக் காட்டினார்கள். பென்டியம் 4 மந்தமாகித் தப்பித்தது. அன்றைய அத்லான் புகைந்து போனது. அந்தக் காலத்து அத்லானாக இருந்திருந்தால் நம்ம ஆள் கதை வேறு.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். ஃபர்ஸ்ட் இயரிலிருந்தே பிராக்டிகலில் ஒரு கெட்ட சர்க்யூட்டைக் கொடுங்கள். எங்கே கெட்டது, எதை அளந்தாய், ஏன் அதை முதலில் அளந்தாய் என்று எழுதச் சொல்லுங்கள். குற்றம் கிடைக்காவிட்டாலும் அளந்த வரிசைக்குப் பாதி மார்க். ஆசிரியர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. மூன்று மணி நேரம், முப்பது பேர், நாலு மீட்டர். அதிலும் இரண்டுக்கு பேட்டரி இருக்காது! "பசங்க எரிச்சுடுவாங்க" என்ற பயம் வேறு. செத்த போர்டை எவன் எரிப்பான், ஐயா? நம் ஸ்டோர் ரூமில் கண்டெம்ன் ஆன மெஷின்கள் தூசி தின்றுகொண்டு கிடக்கின்றன. முதல் செட்டுக்கு அதில் பத்து போதும். ஒவ்வொன்றின் குற்றத்தையும் சீனியர்கள் கண்டுபிடித்து, ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி லேப் அலமாரியில் வைக்கட்டும். ஜூனியர் கண்டுபிடித்த பிறகு கவரைப் பிரிக்கட்டும். மாணவர் பேரவை இதை எடுத்து நடத்தினால் முதல் பொருளை நான் தருகிறேன். பல்ஸ் செத்த அந்த ஃபேன், முறுக்கின வயரோடு என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது.