விதியோ, குற்றமோ?

தொழிற்சாலையொன்றில் விபத்து நேர்ந்து பலர் மாண்டனரென்று பத்திரிகைகளிற் படிக்குந்தோறும், 'அவர்கள் தலைவிதி அவ்வளவே' என்று இரங்கிவிட்டு மறுபக்கம் புரட்டுதல் நம்மிற் பலர்க்கு வழக்கமாய்விட்டது. முதலாளியோ, 'தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்' என்பார். இவ்விரு கூற்றும் பொருந்துமோவென்று சிறிது ஆராய்வோம்.

1911ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் நியூயார்க் நகரத்துத் தையற்சாலையொன்றில் தீ மூண்டு 146 பேர் மாண்டனர்; வெளியேறும் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு பரவி ஆயிரக்கணக்கானோர் உயிரைக் கொண்டது. அந்நச்சுத் திரவத்தைக் குளிர்வித்தற்குரிய பொறி பல திங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. 2013 ஏப்ரல் 24ஆம் நாள் வங்காள தேசத்தில், டாக்காவையடுத்த சாவாரில், ஆடைத் தொழிற்சாலைகள் நிறைந்த மாளிகை இடிந்து 1,100க்கு மேற்பட்டோர் மடிந்தனர். சுவரில் விரிசல் முதல்நாளே காணப்பட்டிருந்தது.

கதவைப் பூட்டியவர் யார்? பொறியை நிறுத்தியவர் யார்? விரிசலைக் கண்டு அஞ்சியோரை மறுநாள் உள்ளே ஏவியவர் யார்? தொழிலாளியல்லர், ஊழுமன்று.

தொழிலாளியும் ஓரொருகால் தவறுதல் உண்மையே. நெடுநேரம் உழைத்த கை சோரும், கண் மயங்கும். அச்சோர்வை முன்னரே எண்ணி, பொறிக்கு வேலியும் சாலைக்குப் பல வாயிலும் மெய்க்குக் கவசமும் அமைத்தல், பொருளும் அதிகாரமும் உடையாரது கடனன்றோ? கூலி உழைப்பிற்கு விலை, உயிருக்கு விலையாகாது. 1985இல் டெல்லியில் ஓலியம் என்னும் நச்சுவாயு கசிந்தது பற்றிய வழக்கில், அபாயமான தொழிலை நடத்துவோர், 'இயன்ற கவனமெல்லாம் எடுத்தோம்' என்று கூறியும் பொறுப்பினின்று நீங்க இயலாதென நமது உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது.

வள்ளுவனாரும், வருமுன் காவாதவன் வாழ்வு நெருப்பின் முன் வைக்கோற்போராய் அழியுமென்னுங் கருத்தை 'ஊழ்' என்னும் அதிகாரத்தில் வைத்திலர், 'குற்றங்கடித'லில் வைத்தனர். உலோபத்தைக் கடிந்ததும் அவ்வதிகாரத்திலேயாம். ஆயின், ஆண்டு அழிவது காவாதவன் வாழ்வு. தொழிற்சாலையிலோ அழிவது பிறர் வாழ்வு. ஆதலின் குற்றம் இருமடங்காகின்றது.

இக்கல்லூரியினின்று செல்லும் நம்முட் சிலர் நாளை மேலாளராகவும், தொழிற்சாலைகளைப் பார்வையிடும் அதிகாரிகளாகவும் அமர்வோம். 'யாவும் ஒழுங்காயுள்ளன' என்றெழுதிய ஏட்டிற் கையொப்பமிடுமுன், கதவு திறக்கின்றதாவென்று ஒருமுறை நம் கையாலேயே தள்ளிப் பார்ப்போமாக.