எல்லாம் இருந்த கருவியும் இல்லாமற்போன எழுத்தும்

பெரம்பலூர்ப் பழைய பேருந்து நிலையத்தின் எதிரிலுள்ள தேநீர்க்கடையில், இயற்பியல் துறை நண்பர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய கருவியை எடுத்து மேசைமேல் வைத்தார். நோக்கியா என்-95. இழுப்பறையைத் துப்புரவு செய்தபோது அகப்பட்டதாம். மேலே தள்ளினால் எண்விசைகள், கீழே தள்ளினால் பாட்டு விசைகள். இருமுறை தள்ளிக் காட்டிவிட்டுச் சொன்னார்: "இதில் எல்லாம் இருந்தது சார். இன்றைக்கு வருவதெல்லாம் இதன் பேரப்பிள்ளைகள்தாம்."

அவருடைய ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 'எல்லாம்' என்ற அந்த ஒரு சொல்லை மறுத்தாக வேண்டியிருக்கிறது. அதை மறுக்காமல் விட்டதன் விளைவை நான் பட்டிருக்கிறேன்.

முதலில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். 2006 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு 2007-இல் விற்பனைக்கு வந்த அக்கருவி, அக்காலத்துக்கு ஓர் அதிசயம். கார்ல் சைஸ் வில்லையுடன் 5 மெகாபிக்சல் ஒளிப்படக் கருவி, ஜிபிஎஸ், வைஃபை, மூன்றாம் தலைமுறை இணைப்பு, இரட்டை ஒலிபெருக்கி, சாதாரணக் காதணிபாடியைச் செருகும் துளை, தொலைக்காட்சியில் இணைத்துப் படம் பார்க்கும் வசதி என அனைத்தும் ஒரே கையடக்கத்தில் இருந்தன. நோக்கியா நிறுவனம் அதைத் தொலைபேசி என்றுகூட அழைக்க விரும்பவில்லை. பல்லூடகக் கணினி என்றது. ஆப்பிளின் முதல் ஐபோன் அதே 2007-இல் வந்தபோது அதில் ஜிபிஎஸ் இல்லை, மூன்றாம் தலைமுறை இணைப்பு இல்லை, நிகழ்படம் எடுக்கும் வசதியும் இல்லை. பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் வெற்றி என்-95-க்கே.

ஆனால் பட்டியல் வேறு, பெரம்பலூர் வேறு. மூன்றாம் தலைமுறை இணைப்பைத் தமிழகத்தில் பிஎஸ்என்எல் தொடங்கியது 2009-இல்; தனியார் நிறுவனங்களுக்கான ஏலம் நடந்தது 2010-இல். அதுவரை முகம் பார்த்துப் பேசுவதற்கென்று பொருத்தப்பட்டிருந்த முன்பக்கக் கண், பார்ப்பதற்கு எதுவுமின்றி விழித்துக்கொண்டிருந்தது. வானத்துச் செயற்கைக்கோளைப் பிடிக்கச் சில நிமிடங்கள் திறந்த வெளியில் நிற்கவேண்டும். நிற்பவனைப் பார்த்து வழிப்போக்கரே நின்று வழி சொல்லிவிடுவார். 64 எம்பி நினைவகத்தில் கருவி தன் செலவுக்கு எடுத்துக்கொண்டது போக எஞ்சியது சொற்பம். பாட்டும் இணையமும் ஒருசேரத் திறந்தால் ஒன்று வாயடைத்துப்போகும். மின்கலமோ 950 மில்லி ஆம்பியர். 2008-இல் தொடங்கி 2012-இல் உச்சத்தைத் தொட்ட தமிழக மின்வெட்டுக் காலத்தில், நண்பகலிலேயே மூச்சைவிடும் ஒரு கருவியை மாலைவரை உயிரோடு வைத்திருப்பது தனிக்கலையாக இருந்தது.

இவையெல்லாம் மன்னிக்கத்தக்கவை. முதலில் வருவது எதுவும் குறையோடுதான் வரும். நான் மன்னிக்க மறுப்பது வேறொன்றை. அத்தலைமுறையைச் சேர்ந்த விலையுயர்ந்த கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் தெரியாது. தமிழ்க் குறுஞ்செய்தி வந்தால் வரிசையாகக் கட்டங்கள் தெரியும். தமிழ் இணையப் பக்கம் திறந்தாலும் கட்டங்களே. நான் அன்று கடன்பட்டு வாங்கிய கருவியும் அந்த இனந்தான். அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை.

மாணவர்களைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அழைத்துச்சென்ற ஒருநாள் அதை நான் முழுமையாக உணர்ந்தேன். கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைப் படமெடுத்தேன். ஏறத்தாழ ஆயிரமாண்டுப் பழைய எழுத்து, உளி பட்ட ஆழம்கூடத் தெரியும்படி அழகாகப் பதிவாயிற்று. அந்தப் படத்துக்கு ஒரு பெயரிடப் போனேன். 'கல்வெட்டு' என்று தமிழில் எழுத அக்கருவியில் வழியில்லை. தமிழ் அதற்கு ஒரு காட்சி. பாறையைப்போல, பறவையைப்போலப் படம் பிடிக்கத்தக்க ஒரு பொருள். எழுத்து அன்று. பின்னர் ஓபரா மினி உலாவியின் அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவை மாற்றினால் தமிழ்ப் பக்கங்களைப் படிக்கலாம் என்று கண்டறிந்து மகிழ்ந்தோம். அதுவும் என்ன செய்தது? தொலைவிலிருந்த கணினியில் தமிழைப் படமாக மாற்றி நமக்கு அனுப்பியது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் தொடங்குகிறது என்று வகுப்பில் பெருமையோடு சொல்லிவிட்டு, எழுத்தைப் படமாகப் பெற்று மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

இந்த இடத்தில் நண்பர் ஒரு மறுப்பு வைத்தார். "அன்றைக்குத் தொழில்நுட்பம் அவ்வளவுதான் சார்." பலரும் சொல்வது இது. உண்மையன்று. யூனிகோடு தரவிதியில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. விண்டோஸ் 2000 இயங்குதளத்தில் தமிழ் இயல்பாகவே தெரிந்தது. கூட்டெழுத்துகள் நிறைந்த தேவநாகரியோடு ஒப்பிட்டால், கொம்பையும் காலையும் உரிய இடத்தில் வைத்துவிட்டால் போதும் என்னும் அளவுக்குத் தமிழ் எளிய வரிவடிவம். கைபேசிக்குள் அது நுழையாது என்பாருக்கு, மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 2005 பொங்கலின்போது சிங்கப்பூரில் வெளியிட்ட 'செல்லினம்' விடையாக நின்றது; என்-95 பிறப்பதற்கு முன்பே ஜாவா வசதியுள்ள கைபேசிகளில் தமிழில் குறுஞ்செய்தி எழுதி அனுப்ப முடிந்தது. ஆகவே இல்லாதது தொழில்நுட்பம் அன்று, இல்லாதது எண்ணம்.

அதைவிடக் கசப்பான சான்று ஒன்றுண்டு. நோக்கியாவின் மலிவுவிலைக் கருவிகள் சிலவற்றில் தமிழ் இருந்தது! பட்டியல்கள் தமிழில், செய்தி எழுதுவது தமிழில். கீழ்த்தட்டுக் கருவிக்குத் தெரிந்த மொழி மேல்தட்டுக் கருவிக்குத் தெரியாமற்போனது எப்படி? காரணம் எளிது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்குகிறவனுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆகவே தமிழ் கொடு. அதைப்போலப் பன்மடங்கு கொடுப்பவனுக்கு ஆங்கிலம் தெரியும், ஆகவே தமிழ் வேண்டாம். தமிழ் ஒரு மொழியாகக் கருதப்படவில்லை. இயலாதவர்க்குத் தரும் ஊன்றுகோலாகக் கருதப்பட்டது. காசு சேர்ந்தால் கழித்துவிடலாம்.

நிறுவனத்தை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். 2004-இல் தமிழ் செம்மொழி என்று நடுவணரசு அறிவித்தது. 2005-இல் நோக்கியா நிறுவனம் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்தது. நிலத்திலும் வரியிலும் சலுகைகள் பெற்றது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிற்று. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து சென்ற இளம்பெண்கள் அங்கே இரவு பகலாகக் கருவிகளைக் கோத்தார்கள். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. என்-95 அங்கே உருவாயிற்று என்பதன்று என் வாதம். தமிழ் மண்ணில் இவ்வளவு பெரிய தொழிற்சாலை வைத்திருந்த நிறுவனத்திடம், 'உங்கள் கருவிகள் அனைத்திலும் எங்கள் எழுத்து தெரியவேண்டும்' என்று உரக்கக் கேட்கும் தகுதி நமக்கு அப்போது இருந்தது. நான் அமர்ந்திருந்த எந்தக் கருத்தரங்கிலும் அப்படியொரு தீர்மானம் எழுந்ததில்லை. நானும் எழுப்பியதில்லை. செம்மொழியின் தொன்மை குறித்து ஐம்பது பக்கக் கட்டுரை வாசித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்த கருவியில் ஆங்கில எழுத்தில் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பினோம்.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும். விருப்பத்தோடு சொல்லவில்லை.

அரியலூருக்கு அப்பால், ஜெயங்கொண்டம் போகும் வழியில் எங்கள் ஊர். சித்தப்பா மகன் அப்போது சிமெண்ட் லாரியில் உதவியாளாகப் போய்க்கொண்டிருந்தான். அவனிடம் இருந்தது மலிவான கருவி. தமிழ் தெரிந்த கருவி. தமிழிலேயே செய்தி அனுப்புவான். என் கருவியில் கட்டங்கள் விழும். இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு நானே அழைத்துச் சொன்னேன்: "தம்பி, தமிழ்ல அனுப்பாதப்பா, என் போன்ல தெரியமாட்டேங்குது. இங்கிலீஷ் எழுத்துல அனுப்பு." அவன் எட்டாம் வகுப்போடு நின்றவன். "சரிண்ணே" என்றான்.

2009 ஏப்ரல். தேர்வுக்கூடக் கண்காணிப்பில் இருந்தேன், கருவி ஒலியடக்கப்பட்டிருந்தது. வெளியே வந்து பார்த்தபோது அவனிடமிருந்து தவறிய அழைப்புகள், ஒரு குறுஞ்செய்தி. பெரியப்பா ஆஸ்பத்திரியில் என்று தொடங்கிய அந்தச் செய்தியின் கடைசிச் சொல் ஐ, ஆர், என், டி, எச், ஏ, ஆர் என்ற ஏழு ஆங்கில எழுத்துகள். நான் அதை 'இருந்தார்' என்று படித்தேன். இறந்தகால வினைமுற்று. ஆகவே ஆஸ்பத்திரியில் இருந்தார், இப்போது வீடு திரும்பிவிட்டார் என்று இலக்கணப்படியே பொருள்கொண்டு ஆறுதலும் அடைந்தேன். திரும்ப அழைத்தேன், இணைப்புக் கிடைக்கவில்லை. மறுமுறை முயல்வதற்குள் மின்கலம் தீர்ந்துபோயிற்று. கல்லூரியில் மின்சாரமும் இல்லை. பிற்பகல் தேர்வுக்கும் இருந்து, விடைத்தாள் கட்டுகளை ஒப்படைத்துவிட்டு, மாலைப் பேருந்தில் நிதானமாக ஊர் போய்ச் சேர்ந்தேன். தெருவில் பூ சிதறிக் கிடந்தது. எடுத்துவிட்டிருந்தார்கள்.

தம்பி எழுதியது 'இறந்தார்'. வல்லின றகரத்துக்கும் இடையின ரகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுதோறும் வகுப்பில் கற்பித்து, மாற்றி எழுதியவர்க்கு மதிப்பெண் குறைத்தவன் நான். அந்த வேறுபாடு இல்லாத ஓர் எழுத்துமுறைக்கு அவனைத் தள்ளியவனும் நானே. அவன் தமிழில் எழுதும் வசதியும் வழக்கமும் உடையவனாக இருந்தான். அதைக் கெடுத்தது விலையுயர்ந்த கருவியை வைத்திருந்த தமிழாசிரியன்.

ஆகவேதான், 'இளைஞர்கள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி மொழியைச் சிதைக்கிறார்கள்' என்று துறை நண்பர்கள் மேடைகளில் முழங்கும்போது என்னால் கைதட்ட முடிவதில்லை. பழக்கம் எங்கிருந்து வந்தது? ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடங்கள். தமிழ் எழுத்தில் 70 இடங்களே. அதிலும் 'கொள்கிறோம்' என்னும் ஐந்தெழுத்துச் சொல், உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் பத்து இடங்களை விழுங்கும். தமிழில் எழுதியவன் ஒரு செய்திக்கு இரண்டு செய்தியின் காசு கொடுத்தான். அப்படியும் பெறுகிறவர் கருவியில் கட்டங்கள் விழுந்தன. இத்தனைக்குப் பிறகு அவன் ஆங்கில எழுத்துக்குப் போனால் அது சிதைவு அன்று, சிக்கனம். பழிக்கப்பட வேண்டியவர்கள், எழுத்தில்லாத கருவியைக் கேள்வி கேட்காமல் வாங்கிய நாம்.

பின்னர் நிலைமை மாறிற்று. 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. அடுத்த சில ஆண்டுகளில் ஆண்ட்ராய்டு கருவிகளில் தமிழ் தெரியத் தொடங்கிற்று. 2013-இல் ஐபோனில் தமிழ் விசைப்பலகை வந்தது. 2016-இல் இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 16333 விதி, இந்தியாவில் விற்கும் கைபேசிகளில் அட்டவணை மொழிகள் 22-ஐயும் படிக்க முடியவேண்டும் என்றது. ஆனால் எழுதும் வசதியில் ஆங்கிலமும் இந்தியும் கட்டாயம். அவற்றோடு வேறு ஏதேனும் ஒரு மொழி இருந்தால் போதும். அதாவது தமிழைப் படிக்க உரிமை உண்டு, எழுதுவது விற்பவரின் விருப்பம். சந்தை பெரிது என்பதால் பெரும்பாலான கருவிகளில் இன்று தமிழ் விசைப்பலகை இருக்கிறது. உரிமையால் வந்ததன்று, கணக்கால் வந்தது. கணக்கு மாறினால்?

இதைப் பழங்கதை என்று ஒதுக்குவோருக்கு ஒன்று சொல்வேன். அன்று கட்டங்களாகத் தெரிந்தது எழுத்து. இன்று குரலைக் கேட்டு எழுதும் செயலி, கேள்விக்கு விடைசொல்லும் இயந்திரம் என வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றும் முதலில் ஆங்கிலத்தில் மிடுக்காக வரும். 'எல்லாம் இருக்கிறது' என்பார்கள். பெரம்பலூர்ச் சின்ன வெங்காய வியாபாரியின் பேச்சும், அரியலூர்ச் சுரங்கத் தொழிலாளியின் பேச்சும் அதற்குப் புரிகிறதா என்று வாங்கும்போதே கேட்பவர் எத்தனை பேர்? தமிழ் படித்துச் சம்பளம் வாங்கும் நாமாவது கேட்க வேண்டாமா? மொழிக்கு உழைப்பது என்பது மேடையில் மட்டும் நடப்பதன்று. கடையின் முன்னால் நின்று, 'இதில் தமிழ் இல்லையென்றால் எனக்கு வேண்டாம்' என்று சொல்வதும் அதுதான்.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அந்த என்-95-ஐ எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "படம் மட்டும் நன்றாக எடுக்கும் சார்" என்றார். எடுக்கும். அதை நான் மறுக்கவே இல்லை.

தம்பி இன்று சொந்தமாக ஒரு சரக்கு வண்டி வைத்திருக்கிறான். அவன் கையிலும் நல்ல கருவி. தமிழ் விசைப்பலகை உண்டு. எனக்கு மட்டும் இன்னும் ஆங்கில எழுத்திலேயே செய்தி அனுப்புகிறான். அண்ணனுக்கு அப்படித்தான் அனுப்பவேண்டும் என்று அவனுக்கு ஒருகாலத்தில் சொல்லப்பட்டிருந்தது. போன மாதம்தான் அவனிடம், "தமிழ்லயே எழுதுப்பா" என்று சொன்னேன். சொல்வதற்கு எனக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.