பூட்டு ஊர்க்காரர் பாட்டிலுக்கு கப்பலில் பூட்டு!

உல்லாசக் கப்பலில் "சொந்த சரக்கு" ஏன் கூடாது?
ரெயில், விமானம், கல்யாண மண்டபம் - எங்கே என்ன சட்டம்?

திண்டுக்கல்,

"டிக்கெட்டுக்கு பணம் கட்டியாச்சு. சாப்பாடும் அதிலேயே அடக்கம். நம்ம பாட்டிலை நாம கொண்டு போனா அவனுக்கு என்னய்யா நஷ்டம்?"

மணிக்கூண்டு பக்கம் டீக்கடை பெஞ்சில் உல்லாசக் கப்பல் பேச்சு வந்தால் போதும். இந்தக் கேள்வியும் பின்னாலேயே வந்து விடும்.

பதில் என்ன?

நஷ்டம் உண்டு. பெரிய நஷ்டம்! கப்பல்காரனுக்கு மட்டும் அல்ல. விவரம் தெரியாமல் பெட்டியில் பாட்டிலைச் சொருகிக் கொண்டு போகிறவருக்கும்தான்.

சென்னைக்கு வந்த கப்பல்

பணக்காரர்கள் மட்டும் போவது, பம்பாயில் இருந்து புறப்படுவது என்று இருந்த உல்லாசக் கப்பல், 2022-ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 4-ந் தேதி, "கார்டிலியா" கம்பெனியின் "எம்ப்ரஸ்" கப்பலை சென்னை துறைமுகத்தில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடி அசைத்து அனுப்பி வைத்தார்.

11 தளம். உள்ளே ஓட்டல், நீச்சல் குளம், ஆட்டம் பாட்டம், சூதாட்ட அரங்கு, மதுக்கூடம்! கடலில் மிதக்கும் ஒரு ஊர்.

சென்னையில் கிளம்பி விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று சுற்றி வருவது திட்டம். ஆனால் புதுச்சேரியில் எதிர்ப்பு கிளம்பியது. "சூதாட்டம் வேண்டாம், கலாசாரம் கெட்டு விடும்" என்று குரல் எழுந்தது. கப்பல் வந்தும் பயணிகள் கரை இறங்க அப்போது அனுமதி கிடைக்கவில்லை.

பாட்டிலுக்குப் பேர் போன ஊர் புதுச்சேரி. அந்த ஊரே கப்பலை "வராதே" என்று சொன்னது! தமிழ்நாடு முழுக்க அதுதான் பேச்சாக இருந்தது.

இந்தக் கப்பலில் வெளியில் இருந்து மது கொண்டு வர அனுமதி இல்லை. குடிக்க வேண்டும் என்றால் உள்ளே விற்பதைத்தான் வாங்க வேண்டும்.

கப்பல்காரன் கணக்கு

ஏன் இந்த கெடுபிடி?

கப்பல் டிக்கெட் விலையில் அறை, சாப்பாடு, ஆட்டம் பாட்டம் எல்லாம் அடங்கி விடும். போட்டி அதிகம் என்பதால் டிக்கெட்டை ஏற்றி விற்க முடியாது. அப்புறம் லாபம் எங்கே?

மதுக்கூடத்தில்! சூதாட்ட மேஜையில்! கப்பலுக்குள் இருக்கும் கடைகளில்! துறைமுகத்தில் இறங்கியதும் ஊர் சுற்றிக் காட்டுவதில்!

கரையில் வாங்கிய பாட்டிலை அறைக்குள் வைத்துக் குடித்தால், மதுக்கூடத்தில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால்தான் ஏறும்போதே பெட்டியை எக்ஸ்ரே கருவியில் விட்டுப் பார்க்கிறார்கள்.

நம்ம ஊர் பார் தலைகீழ்!

இதில் ஒரு வேடிக்கை. கப்பலில் குற்றமாக இருக்கும் "சொந்த பாட்டில்", நம்ம ஊர் டாஸ்மாக் பாரில் சட்டமாக இருக்கிறது!

டாஸ்மாக் பாரை டெண்டரில் எடுத்தவருக்கு மது விற்கும் உரிமை கிடையாது. தின்பண்டம் விற்கலாம், காலி பாட்டிலைச் சேகரிக்கலாம். அவ்வளவுதான். மதுவைக் கடையில் வாங்கி, குடிக்கிறவரே கையில் பிடித்துக்கொண்டு பாருக்குள் போக வேண்டும்.

ஆக, இங்கே பாட்டில் நம்முடையது. சுண்டல், முட்டை, தண்ணீரில் அவருக்கு லாபம். கப்பலில் சாப்பாடு டிக்கெட்டோடு. பாட்டிலில் அவருக்கு லாபம். வியாபாரம் ஒன்றுதான். லாபம் ஒளிந்திருக்கும் இடம்தான் வேறு.

கடை நடத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க வேண்டியது இல்லை. ஓட்டலில் உட்கார்ந்து வீட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால் எந்த முதலாளி சும்மா இருப்பார்?

தண்ணீர் பாட்டிலுக்கும் தடை!

வெளிநாட்டுக் கப்பல்களில் கெடுபிடி ஒரே மாதிரி இல்லை.

அமெரிக்காவின் "கார்னிவல்" கம்பெனி, 21 வயது ஆனவர்களுக்கு ஆளுக்கு ஒரு 750 மில்லி ஒயின் பாட்டில் அனுமதிக்கிறது. அதுவும் கப்பல் ஏறும் நாளில் மட்டும், கைப்பையில் மட்டும். "டிஸ்னி" கப்பலில் வயது வந்தவருக்கு 2 ஒயின் அல்லது 6 பீர். பிராந்தி, விஸ்கிக்கு இந்தச் சலுகை கிடையாது.

கொண்டு போன ஒயினை சாப்பாட்டு அறையில் வைத்துத் திறந்தால் அதற்கும் தனிக் கட்டணம்! சொந்த பாட்டிலின் மூடியைத் திறக்க 15 டாலர் வாங்கும் கப்பல்கள் உண்டு.

இத்தனைக்கும் ஆசாமிகள் சும்மா இருந்தார்களா? இல்லை. தண்ணீர் பாட்டிலில் வெள்ளை நிற மதுவை ஊற்றி மூடியை ஒட்டினார்கள். வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலில் பச்சை சாயம் கலந்து ஊற்றினார்கள். ஷாம்பு டப்பாவையும் விடவில்லை.

பார்த்தது கார்னிவல் கம்பெனி. 2015 ஜூலையில் ஒரே போடாகப் போட்டது. தண்ணீர், சோடா பாட்டில்கூட கொண்டு வரக் கூடாது. தகர டின்னில் அடைத்த பானம் மட்டும் கொஞ்சம் கொண்டு வரலாம் என்று உத்தரவு!

சிலர் செய்த தில்லுமுல்லு. தப்பு செய்யாதவரும் தண்ணீர் பாட்டிலைப் போட்டு விட்டு ஏற வேண்டியது ஆயிற்று.

நடுக்கடலில் யார் பொறுப்பு?

எல்லாம் காசுக்காகத்தானா? அப்படி முழுக்கச் சொல்லி விட முடியாது.

பஸ்சில் ஒருவர் குடித்து விட்டு ரகளை செய்தால் கண்டக்டர் விசில் அடித்து இறக்கி விடுவார். ரெயிலில் என்றால் அடுத்த ஸ்டேஷனில் போலீசார் வந்து விடுவார்கள். நடுக்கடலில் எங்கே இறக்கி விடுவது?

ஆள் தடுமாறிக் கடலில் விழுந்தாலும், அறைக்குள் சிகரெட்டோடு தூங்கி தீப்பிடித்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் கேப்டன். மதுக்கூடத்தில் குடித்தால், போதை ஏறியவருக்கு "போதும்" என்று நிறுத்தலாம். பூட்டிய அறைக்குள் சொந்த பாட்டிலை காலி செய்கிறவரை யார் நிறுத்துவது?

பாட்டிலுக்குள் இருப்பது என்ன என்பதும் முக்கியம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அக்கம்பக்கத்தில் ஆஸ்பத்திரிகள் இருந்தும் அந்தக் கதி. நடுக்கடலில் இருப்பது ஒரு சின்ன மருத்துவ அறை மட்டுமே.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

"வெளியில் இருந்து கொண்டு வராதே என்று சொல்ல இவர்கள் யார்?" இந்தக் கேள்வி கப்பலுக்கு முன்பே சினிமா தியேட்டருக்கு வந்து விட்டது.

2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. தியேட்டர் என்பது அதன் சொந்தக்காரரின் இடம்; வெளி தின்பண்டத்தைத் தடுக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் குடிதண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்குக் கொண்டு வரும் உணவைத் தடுக்கக் கூடாது.

தியேட்டர் வழக்கில் சொன்னதுதான். என்றாலும் இதில் இருக்கும் நியாயம் கப்பலுக்கும் பொருந்தும். தடுப்பது சொந்தக்காரரின் உரிமை; தண்ணீர் கொடுப்பது அவரது கடமை!

கல்யாண மண்டபத்தில் கிளம்பிய புயல்

2023 ஏப்ரலில் இதே போன்ற ஒரு புயல் தமிழ்நாட்டிலேயே அடித்தது.

"எப்.எல்.12" என்ற சிறப்பு லைசென்சு வாங்கினால் கல்யாண மண்டபம், விளையாட்டு மைதானத்தில் மது பரிமாறலாம் என்று அரசு விதியைத் திருத்தியது. "தாலி கட்டும் இடத்தில் தண்ணியா?" என்று கட்சிகளும் தாய்மார்களும் கொதித்தனர். கல்யாண மண்டபத்துக்குக் கிடையாது என்று அரசு பின்வாங்கியது. சர்வதேச மாநாடு, சர்வதேச விளையாட்டு போன்றவற்றோடு அது நின்றது.

ஊரில் இருந்து துறைமுகம் வரை

கப்பல் இருக்கட்டும். திண்டுக்கல்லில் இருந்து சென்னை துறைமுகம் போய்ச் சேருவதற்குள்ளேயே பாட்டிலுக்குப் பல கண்டம்!

தமிழ்நாட்டில் இன்றும் போலீசார் வழக்குப் போடுவது 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தில்தான். சேலத்தில் ராஜாஜி கொண்டு வந்த சட்டம் அது. 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. 1974-ல் திரும்ப வந்தது. 1981-ல் மீண்டும் தளர்ந்தது. ஆனால் சட்டம் அப்படியே இருக்கிறது.

1996-ம் ஆண்டு விதிப்படி, சொந்த உபயோகத்துக்கு ஒருவர் வைத்திருக்கக் கூடிய அளவு: பிராந்தி, விஸ்கி வகை 4.5 லிட்டர், பீர் 7.8 லிட்டர், ஒயின் 9 லிட்டர். அதற்கு மேல் இருந்தால் "விற்கவா?" என்று கேள்வி வரும்.

"வருகிற வழியில் புதுச்சேரியில் மலிவாக நாலு வாங்கிக்கலாம்" என்ற கணக்கு மகா ஆபத்து. வெளி மாநிலச் சரக்கு என்றால் பறிமுதல், வழக்கு. கார், மோட்டார் சைக்கிளும் சேர்ந்து போய் விடும்.

வைகையிலோ பாண்டியனிலோ போகிறவர்களுக்கு: ரெயில்வே சட்டம் 145-வது பிரிவு காத்திருக்கிறது. குடித்து விட்டு ரகளை செய்தால் 6 மாதம் வரை ஜெயில், 500 ரூபாய் வரை அபராதம். சர்க்கார் உத்தியோகஸ்தர் என்றால் ஆபீசிலும் பதில் சொல்ல வேண்டும்.

கொடைக்கானல் மலையில் வண்டி ஓட்டுகிறவர்களும் கேட்டுக்கொள்ளலாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் போதை இருந்தால், முதல் தடவைக்கே 10 ஆயிரம் ரூபாய் அபராதம், இல்லாவிட்டால் 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

விமானத்தில் வந்த வினை

மதுரை போய் விமானம் ஏறுகிறவர்களுக்கு வேறு விதி. சீல் உடைக்காத மது பாட்டிலை 5 லிட்டர் வரை பெட்டியில் வைத்து சரக்கோடு அனுப்பலாம். வெளிநாட்டில் இருந்து திரும்பும்போது சுங்க வரி இல்லாமல் 2 லிட்டர் கொண்டு வரலாம். ஆனால் விமானத்துக்குள் சொந்த பாட்டிலைத் திறக்கக் கூடாது.

2022 நவம்பரில் நியூயார்க்-டெல்லி ஏர் இந்தியா விமானத்தில், போதையில் இருந்த ஒரு பயணி வயதான பெண் மீது சிறுநீர் கழித்ததாகப் புகார் எழுந்து நாடே முகம் சுளித்தது. ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது.

கயாவுக்கு திதி கொடுக்கப் போகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பீகாரில் 2016 ஏப்ரல் முதல் மதுவிலக்கு. குஜராத்தில் 1960-ல் மாநிலம் பிறந்ததில் இருந்தே மதுவிலக்கு. துவாரகை, சோமநாதர் தரிசனத்துக்குப் போகும் பெட்டியில் பாட்டில் இருந்தால் தரிசனம் போலீஸ் ஸ்டேஷனில்தான்!

கடைசி நாள் அதிர்ச்சி

பாட்டில் இல்லாமல் ஏறியாகி விட்டது. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அடுத்த கண்டம், பில்!

உல்லாசக் கப்பலில் பெரும்பாலும் ரொக்கம் புழங்காது. அறைச் சாவியாக ஒரு அட்டை கொடுப்பார்கள். அதை நீட்டினால் போதும், கிளாஸ் வரும். கையில் இருந்து நோட்டு போகாததால் செலவு தெரியாது. இறங்கும் நேரத்தில் மொத்த பில்லும் வரும். சேவைக் கட்டணம் தனி, வரி தனி! மாதச் சம்பளக்காரருக்கு கப்பல் ஆடாமலே தலை சுற்றும்.

"அளவில்லாமல் குடிக்கலாம்" என்ற திட்டத்திலும் பொடி உண்டு. கார்னிவலில் அளவில்லாத திட்டத்துக்கும் அளவு 24 மணி நேரத்தில் 15 கிளாஸ்! ஒரே அறையில் இருக்கும் பெரியவர்களில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்கியாக வேண்டும். வீட்டுக்காரர் குடிப்பதற்கு, குடிக்காத மனைவியும் பணம் கட்ட வேண்டும்!

யார் பக்கம் நியாயம்?

கப்பலில் பாட்டிலைத் தடுப்பது தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் தடுக்கிறவருக்கும் கடமை உண்டு. உள்ளே ஒரு கிளாஸ் என்ன விலை, வரி எவ்வளவு, பிடிபட்ட பாட்டில் திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா என்பதை டிக்கெட் விற்கும்போதே தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். பொடி எழுத்தில் ஒளித்து வைத்து விட்டு நடுக்கடலில் நீட்டுவது வியாபாரம் அல்ல, வலை!

பயணிகளும் பணம் கட்டும் முன்பு மூன்றைக் கேட்க வேண்டும்: என்ன கொண்டு வரலாம்? உள்ளே என்ன விலை? கடைசி நாளில் என்னென்ன கட்ட வேண்டும்? இதற்குப் பதில் சொல்லாத ஏஜெண்டிடம் டிக்கெட் வாங்காமல் இருப்பதே மேல்.

அதையும் மீறி அலமாரியில் இருக்கும் அந்த பாட்டில் உறுத்தினால், அதற்கும் வழி இருக்கிறது. அலமாரியைப் பூட்டி சாவியை வீட்டம்மாவிடம் கொடுத்து விட்டுக் கப்பல் ஏறலாம்.

2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. திண்டுக்கல் பூட்டு. லேசில் திறக்காது!