ஒற்றைக் காலுக்கும் உரிமை உண்டு

சென்ற மாதம் மும்பை தாராவியில் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அவருடைய பதினாறு வயது மகனுக்கு முழங்காலில் எலும்புப் புற்றுநோய். மாதக்கணக்கில் மருந்து ஏற்றி, இடது காலைத் தொடையளவில் எடுத்து, டாக்டர்கள் பையனைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். பார்க்க வருகிறவர்களெல்லாம் "உயிர் பிழைச்சதே பெரிசு" என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். நாம் புறப்படும்போது பையன் கேட்டான்: "மாமா, இனி நான் ஸ்கூலுக்கு எப்படிப் போறது? பிரிட்ஜ் ஏறணுமே?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடாத சங்கம் எதற்கு?

இந்த நோய் பெரும்பாலும் வளரும் பிள்ளைகளைத்தான் தாக்குகிறது. முழங்காலை ஒட்டிய எலும்பில் வலி தொடங்கும், இரவில் கூடும், பிறகு வீங்கும். விளையாட்டில் பட்ட அடி என்று எண்ணெய் தேய்க்கிறோம், கட்டுப் போடுகிறோம். மாதங்கள் ஓடிவிடுகின்றன. பெற்றோரை நாம் குறை சொல்லவில்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போகிற வீடு அது. ஆனாலும் சொல்கிறோம்: வாரக்கணக்கில் நீடிக்கும் எலும்பு வலிக்கு எக்ஸ்ரே எடுங்கள். முன்கூட்டியே கண்டுபிடித்தால் இன்று பலருக்குக் காலையும் காப்பாற்ற முடிகிறது.

கால் போன பிறகும் இல்லாத கால் வலிக்கும். பையன் நடிக்கிறான் என்றோ, காத்து கருப்பு என்றோ நினைக்க வேண்டாம். போன காலின் கணக்கை மூளை இன்னும் மூடவில்லை, அவ்வளவுதான். தமிழகத்தில் பிறந்த மருத்துவ அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் ஒரு சாதாரணக் கண்ணாடியைக் கொண்டே இவ்வலியைக் குறைக்க வழி காட்டினார். டாக்டரிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள்.

கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ் இதே நோயால் 1977-இல் வலது காலை இழந்தார். 1980-இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டப் பொய்க்காலோடு 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலில் திரும்பியதால் ஓட்டம் நின்றது, 1981-இல் மறைந்தார். அவரை வணங்குகிறோம். ஆனால் நம் பிள்ளைகள் நாடு நெடுக ஓடிக் காட்டினால்தான் மதிப்போம் என்றால் அது அநியாயம். அவர்கள் பள்ளிக்கும் வேலைக்கும் போய் வந்தால் போதும். அதற்கு வேண்டியவை நான்கு.

முதலாவது, மறுபரிசோதனை. நோய் திரும்புகிறதா என்று வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். ஊருக்குப் போய்விட்டவர்கள் ரயில் செலவுக்குப் பயந்து நின்றுவிடுகிறார்கள். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து பிழைக்கும் அனுபவத்தில் சொல்கிறோம்: சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, துணைக்குச் செல்பவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் உரிய படிவத்தில் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, செயற்கைக் கால். சம்மணமிட்டு உட்காரவும், செருப்பில்லாமல் நடக்கவும் வசதியான ஜெய்ப்பூர் கால், டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கியது. படித்தவர் அறிவும் தொழிலாளி கையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. 1975-இல் தொடங்கிய பகவான் மகாவீர் சங்கம் அதை இலவசமாகவே பொருத்துகிறது. வளரும் பிள்ளைக்கு அளவு மாறும்; மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது, சான்றிதழ். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஒரு மாநிலத்தில் வாங்கிய ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். பிழைக்க வந்த நமக்கு இது பெரிய காரியம். 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அரசு வேலையில் இவர்களுக்கு 4 சதவீத இட ஒதுக்கீடு. அரசு ஊழியர் பணிக்காலத்தில் ஊனமுற்றால் அவரை நீக்கவோ, பதவியிறக்கவோ கூடாது. காண்டிராக்ட் தொழிலாளிக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் இந்தப் பாதுகாப்பு எங்கே? இதைக் கேட்டுப் போராட வேண்டியது நாம்தான்.

நான்காவது, வழி. படிக்கட்டு மட்டுமே உள்ள இடத்தில் சாய்தளமும் லிஃப்டும் கேட்பது பிச்சை அல்ல. சட்டம் தந்த உரிமை.

பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து அந்தப் பையனின் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லவும், பாலத்துக்கு லிஃப்ட் கேட்டு மனுக் கொடுக்கவும் சங்கம் முடிவு செய்திருக்கிறது. லிஃப்ட் வரும்வரை நம் இளைஞர்கள் முறைவைத்து அவனோடு போய் வருவார்கள். உங்கள் பகுதியிலும் இப்படி ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். உடனே சங்கத்துக்குத் தெரிவியுங்கள். பரிதாபப்படப் பலர் இருக்கிறார்கள். கூட வந்து மனுவில் கையெழுத்துப் போடத்தான் ஆள் வேண்டும்.